திருப்பி ஒட்டிய மச்சம்

அந்தப் பெயரில் அப்படி ஒரு பெண்ணே கிடையாதாம். எல்லாம் மெஷின் செய்கிற வேலையாம். சும்மா ஒரு பெண்ணின் முகத்தை முன்னால் மாட்டி வைத்து ஊரை ஏமாற்றுகிறார்களாம்.

இதைச் சொன்னவர் பல் பிடுங்க வந்த ஒருவர். சொன்னது பல் டாக்டரிடம். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அதை வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் சொல்ல, அவள் அன்று சாயங்காலமே பஸ் பிடித்து, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வாங்க அண்ணியிடம் வந்து கொட்டினாள். காரணம், அந்த இல்லாத பெண் அவளுடைய அண்ணிதான்.

"வாயைத் திறந்து வெச்சிருக்கிற மனுஷன் எப்படி இவ்வளவு பேசினார்?" என்றாள் அண்ணி. அதிர்ச்சியில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான்.

"ஊசி போடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார் அண்ணி. அவங்க அப்பா போட்டோ கிழிஞ்சுபோச்சாம். சரி பண்ண நெட்டுல ஆள் தேடினப்ப நீங்க திறந்து வெச்சிருக்கிற பக்கம் வந்துச்சாம். 'மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது டாக்டர், இது மனுஷி இல்லை'ன்னாராம்."

"என் மூஞ்சியையா?"

"உங்க மூஞ்சியைத்தான்."

அண்ணி எழுந்து போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தாள். நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொள்ளத் தண்ணீர் குடித்தாள்.

அந்தக் கட்டடத்தில் அண்ணிக்கு டச்சப் என்று பெயர். ஆரம்பித்து வைத்தவர் கீழ்வீட்டு டெய்லர். லைசென்ஸுக்குக் கொடுக்க அவர் எடுத்த படத்தை, பாவம் தூக்கம் கெட்ட மனுஷன் என்று இரக்கப்பட்டு, கண்ணுக்குக் கீழே தொங்கிய பையை இவள் எடுத்துவிட்டாள். ஆபீஸில் இருந்த ஆள் படத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது உங்க தம்பியா? அவரையே வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். டெய்லர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டு, இவளைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன டச்சப், எப்படி இருக்கே?" என்று கேட்க ஆரம்பித்தார். வீட்டுக்காரரைத் தவிர எல்லாருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர், நாத்தனாரின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தே ஏறி வருகிறவர். அதிகம் பேச மாட்டார்.

டச்சப் பதினாலு வருடம் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்தவள். கிழிந்தது, நனைந்தது, பூசணம் பிடித்தது, கரப்பான் தின்றது, கோபத்தில் யாரோ ஒரு தலையை மட்டும் கத்தரித்தது என்று எல்லாம் அவள் மேஜைக்கு வரும். முதலாளி ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார்: வேலை முடிந்ததும் பாழான படத்தைக் கவரில் போட்டு மூடிவிட வேண்டும், யார் கண்ணிலும் காட்டக் கூடாது. "பாழானதைப் பார்த்தா வந்தவங்க அழுவாங்கம்மா. அழறவங்களைப் பார்த்தா அடுத்த ஆள் உள்ளே வர மாட்டான்" என்பார். அந்தச் சட்டம் அவள் எலும்பில் ஊறிப்போயிருந்தது.

போன வருடம் ஸ்டூடியோவை மூடினார்கள். அவள் வீட்டுப் பின்னறை ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டாள். நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாது என்று ஒரு சுவருக்கு மட்டும் சாம்பல் பூச்சு அடித்தாள். திரையில் வெயில் விழாமல் இருக்கச் செருப்பு டப்பா அட்டையை வெட்டி மேலே கூரை போட்டாள். வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் சந்தித்துக்கொள்ளும் ஒரு இணையதளத்தில் தனக்கென்று ஒரு பக்கம் திறந்தாள். முதல் மூன்று மாதத்தில் பதினோரு வேலை வந்தது. பிறகு கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இல்லை.

இதற்கிடையில் முதலாளி ரயில் நிலையத்தின் வாசலில் ஒரு சின்னக் கடை போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார். பாஸ்போர்ட், அடையாள அட்டைப் படம் எடுக்கிற வேலை. "நீ வந்தா எனக்கு நிம்மதிம்மா. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா வேற ஒரு பொண்ணு கேட்டுட்டிருக்கா" என்றார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். நாள் முழுக்க நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் "சிரிக்காதீங்க, வாயை மூடுங்க, நேரா பாருங்க" என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் அடுத்தவர் முகத்தில் அழிந்துபோன சிரிப்பைத் தேடித் தேடி எடுத்தவளுக்கு, சிரிக்காதே என்று சொல்வதே ஒரு உத்தியோகமா என்று இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டால், "உனக்கு எது தோணுதோ அதைச் செய்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கு நாலே நாள். இந்த நேரத்தில்தான் அவள் ஆளே இல்லை என்ற சேதி வந்திருக்கிறது.

"திறங்க அண்ணி, அந்தப் பக்கத்தை. நானும் பார்க்கிறேன்" என்று நாத்தனார் மேஜை முன்னால் உட்கார்ந்தாள்.

திறந்தாள். முதலில் வந்தது முகம்.

"இது யாரு?"

"நான்தான்."

"புருவத்துக்கு மேல அம்மைத் தழும்பு இருக்குமே?"

"வெளிச்சத்துல தெரியலை போல."

"மூக்குப் பக்கத்துல மச்சம்?"

"அதுவும் வெளிச்சத்துல…"

"பிரமாதமான வெளிச்சம். உங்க வலது காது எப்பவும் ஒரு விரக்கடை இறங்கியில்ல இருக்கும்? அதையும் வெளிச்சம் தூக்கி விட்டுருச்சா?"

வேண்டுமென்றே செய்ததல்ல அது. கையில் திரையில் வரைகிற பேனா இருந்தது, எதிரே ஒரு முகம் இருந்தது, அவ்வளவுதான். சமையல்காரர் போகிற போக்கில் குழம்பை ருசி பார்ப்பதுபோல் அவள் தன் முகத்தைச் சரிசெய்திருந்தாள். அது தன் முகம் என்பதே பாதியில் மறந்துபோயிருந்தது.

"இங்க பாருங்க" என்று நாத்தனார் நாற்காலியைத் திருப்பினாள். "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கதவைத் திறந்துக்கிட்டு வர்ற மூஞ்சிகளைப் பார்க்கிறவ நான். பயந்துக்கிட்டேதான் வருவாங்க. சுவத்துல டாக்டரோட சர்டிபிகேட் மாட்டியிருக்கு, ஒருத்தர் பார்க்கிறதில்லை. என் பல்லைப் பார்ப்பாங்க. இதோ, இந்த முன்பல்லு கொஞ்சம் ஏறியிருக்கில்ல? அதைப் பார்த்ததும் தோள் இறங்கும். 'அப்பாடா, இங்கேயும் மனுஷங்கதான் இருக்காங்க'ன்னு. எங்க டாக்டர் இலவசமா சரி பண்ணித் தர்றேங்கிறார். நான்தான் வேணாம்னுட்டேன்."

அடுத்து முகத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். உலகத் தரம். நூறு சதவீதத் திருப்தி. இருபத்துநாலு மணி நேரமும் சேவை. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், கட்டுரை நோட்டுக்கு எழுதுவதுபோல் ஒரு பிழை இல்லாமல் டச்சப் எழுதி வைத்திருந்தாள்.

"ஆம்புலன்ஸ் பின்னாடி எழுதுறதெல்லாம் இங்க எழுதி வெச்சிருக்கீங்களே. எப்ப தூங்குவீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"எல்லாரும் போட்டா அதுல நீங்க எங்க இருக்கீங்க?"

மாதிரிக்கு என்று ஒன்பது படங்கள் வைத்திருந்தாள். நாற்காலியில் ஒரு பெரியவர், கப்பலின் முன்னால் இரண்டு சகோதரர்கள், சைக்கிளோடு ஒரு பெண். எல்லாம் பளிச்சென்று இருந்தன. நாத்தனார் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா நீங்க இதுல என்ன பண்ணீங்க?" என்றாள்.

"என்ன பண்ணேனா? அந்தப் பெண்ணோட பாதி முகம் கிடையாது. சைக்கிளுக்கு முன் சக்கரமே கிடையாது."

"அது எனக்கு எப்படித் தெரியும்? யாரோ அந்தக் காலத்துல நல்லா போட்டோ எடுத்திருக்காங்கன்னுதான் தோணுது. கிழிஞ்சதைப் பக்கத்துல காட்டுங்க."

"ஐயோ, அதைக் காட்டக் கூடாது."

"யார் சொன்னா?"

"முதலாளி."

"அவர் அந்தக் கடையைத்தான் மூடிட்டாரே அண்ணி!"

அந்தச் சட்டம் போட்டவர் இங்கே இல்லை, அந்தக் கவர் இல்லை, அந்த ஸ்டூடியோவும் இல்லை. டச்சப் மட்டும் அதை ஒரு வருடமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனால் மற்றவர்கள் வீட்டுப் படத்தின் அலங்கோலத்தைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் போட மனம் வரவில்லை. அது சரியும் இல்லை.

"அப்ப நம்ம வீட்டுப் படம் ஒண்ணு போடுங்க. உங்க கல்யாணப் படம் தண்ணியில நனைஞ்சு போச்சே, அதை நீங்கதானே சரி பண்ணீங்க?" என்றாள் நாத்தனார். "அதுல நானும் நல்லா இருப்பேன்."

டச்சப்பின் முகம் மாறியது. "அது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம்."

வேணாம் என்று சொன்னால் நாத்தனார் விடுகிற ஆளா? அலமாரியின் அடித்தட்டில் இருந்த கவரை அவளே இழுத்து எடுத்தாள். உள்ளே இருந்தது நாலு பேர் நிற்கிற படம். மாப்பிள்ளை, பெண், மாப்பிள்ளையின் அம்மா, பன்னிரண்டு வயதில் நாத்தனார். குழாய் உடைந்து ஒரு வாரம் ஈரத்தில் கிடந்த படம். அம்மாவின் முகத்தில் வலது பாதி கரைந்து பழுப்பாக ஓடியிருந்தது. ஓரத்தில் நின்ற சிறுமி இரண்டு கண்ணையும் இறுக்க மூடி, வாயைப் பிளந்து, தும்மலின் உச்சத்தில் இருந்தாள்.

நாத்தனார் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அங்கே சட்டத்துக்குள் அதே படம். அதே சிறுமி, வாயை மூடி, கண்ணை அகலத் திறந்து, ராஜகுமாரி மாதிரி நின்றாள். அந்தக் கண்களைக் காட்டித்தான் அவள் இத்தனை வருடமாகப் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசுல என் கண்ணு எப்படி இருக்கும் பாருங்க என்று கிளினிக்கில் டாக்டரிடம்கூடக் காட்டியிருக்கிறாள்.

"அண்ணி."

"ம்."

"இது யார் கண்ணு?"

டச்சப் திரையைத் துடைக்க ஆரம்பித்தாள். "நீ கண்ணைத் திறந்த படம் ஒண்ணுகூட இல்லை. எல்லாத்துலயும் ஓடிக்கிட்டே இருப்பே, இல்லேன்னா தும்முவே. அத்தைக்கு அந்தப் படம்னா உயிர், ஆனா நீ தும்மினதால போகிற வரைக்கும் அதைப் பெட்டியிலயே வெச்சிருந்தாங்க. ரெண்டு பிள்ளைங்களும் நல்லா இருக்கணும்னு ஆசைப்பட்டாங்க. அதனால…"

"அதனால?"

"என்னோட இடது கண்ணை எடுத்து வெச்சேன். அதையே திருப்பி வலது பக்கமும்."

நாத்தனார் சுவரில் இருந்த படத்தையும் அண்ணியின் கண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"ஆக மொத்தம், இத்தனை வருஷமா நான் உங்க கண்ணை வெச்சுக்கிட்டா சுத்திக்கிட்டிருக்கேன்?"

"உனக்கு நல்லாத்தானே பொருந்துச்சு."

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலி அசைய அசையச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படத்தை மறுபடி கையில் எடுத்தவள், அம்மாவின் கரைந்துபோன கன்னத்தில் பார்வை நின்றதும் அடங்கிப்போனாள். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

"அப்ப என்கிட்ட வந்து கேட்டீங்களே" என்றாள் மெதுவாக. "அத்தை சிரிச்சா எந்தப் பக்கம் இழுக்கும்னு. எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. பரீட்சைக்குப் படிக்கிறப்ப வந்து இது என்ன கேள்வின்னு எரிஞ்சு விழுந்தேன். இடது பக்கம்னு சொன்னேன். வலது பக்கம் பல் இல்லைன்னு அம்மா அந்தப் பக்கத்தை மறைச்சுக்கிட்டே சிரிப்பாங்க."

"அதை நீ சொல்லலேன்னா நான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரைஞ்சிருப்பேன். நல்லாவும் இருந்திருக்கும். ஆனா அது அத்தையா இருந்திருக்காது."

"இதை எல்லார்கிட்டயும் கேப்பீங்களா?"

"ஸ்டூடியோவில் கேட்பேன். இங்க எப்படிக் கேட்கிறது? வேலை தெரியாதவன்னு நினைச்சுட்டா?"

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, உங்ககிட்ட இருக்கிறதே அந்தக் கேள்விதான். அதைப் பூட்டி வெச்சுட்டு உலகத் தரம்னு போர்டு மாட்டியிருக்கீங்க!"

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் பழையதையெல்லாம் அழித்தார்கள். டச்சப் தமிழில் சொல்லச் சொல்ல, நாத்தனார் அதே எளிமையோடு ஆங்கிலத்தில் தட்டினாள். பாழான படங்களைச் சரிசெய்கிறேன். இல்லாததை நானாக ஊகித்து வரைய மாட்டேன், உங்களைக் கேட்பேன். அவர் சிரித்தால் எந்தப் பக்கம் இழுக்கும், அவர் காது வீட்டில் யாருக்கு வந்திருக்கிறது என்றெல்லாம் கேட்பேன். பொறுமை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டேன்.

"ஊகிக்க மாட்டேன்னு எழுதுறப்ப உங்களுக்குக் கூச்சமா இல்லை? என் கண்ணு?"

"அது ஒரே ஒரு தடவை. வீட்டுக்குள்ள நடந்தது."

கல்யாணப் படத்தின் இரண்டு கோலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தும்மலோடு உலகத்தின் முன் நிற்க நாத்தனார் சம்மதித்தாள். "ஆனா கீழே எழுதிடுங்க. கண்ணு மட்டும் கடன்னு." அப்படியே எழுதினார்கள்.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் கையில் போனைக் கொடுத்து, மேஜை முன்னால் அவளைப் படம் எடுக்கச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அவர் விரல் விழுந்தது. ஒன்றில் கூரை மட்டும் வந்தது. ஒன்றே ஒன்றில் அவள் அவரைத் திட்டத் திரும்பிச் சிரிப்பு வந்துவிட்ட கணம் விழுந்திருந்தது. தழும்பு, மச்சம், இறங்கிய காது எல்லாம் இருந்தன.

"இதுதான்" என்றாள் நாத்தனார். "சத்தியம் பண்ணுங்க, கை வைக்க மாட்டேன்னு."

சத்தியம் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. "அண்ணி, தழும்பு இருக்கு, காது இருக்கு. மச்சம் எங்க?"

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டு மூடிடலாம்னுதான் திறந்தேன்…"

"திருப்பி வைங்க."

திருப்பி வைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பழக்க தோஷத்தில் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டாள். வீட்டுக்காரரோ போனில் இடம் இல்லை என்று அத்தனை படத்தையும் அழித்திருந்தார். கைக்கண்ணாடியை ஒரு கையிலும் பேனாவை மறு கையிலும் வைத்துக்கொண்டு தன் மச்சத்தைத் தானே பார்த்து வரைந்தாள். ஆயிரம் மச்சம் எடுத்த கைக்கு ஒரு மச்சம் வைக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. முதலில் வைத்தது மிக அழகாக வந்துவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி வைத்தாள்.

செவ்வாய் முழுக்க ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை பகலில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர். அப்பா படம் காது வழியாகக் கிழிந்து கன்னம் வரை போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டிருந்தார்: மன்னிக்கவும், நீங்கள் மனிதர்தானா?

செய்தியில் அவர் பெயரோடு இருந்த அவருடைய படத்தை டச்சப் நாத்தனாருக்குக் காட்டினாள். "அவரேதான்! கடைவாய்ப் பல்லு!" என்றாள் நாத்தனார். "கவலைப்படாதீங்க, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இவங்க எங்க அண்ணின்னு சொன்னா இப்பவே வேலை கிடைச்சுடும். ஆனா அது எனக்காகக் கிடைச்சதா உங்களுக்காகக் கிடைச்சதான்னு சாகிற வரைக்கும் யோசிச்சுக்கிட்டிருப்பீங்க."

ஆமாம், மனிதர்தான் என்று எழுதினால் மெஷினும் அதைத்தானே எழுதும்? டச்சப் வெகுநேரம் யோசித்துவிட்டு, அவர் கேட்டதற்குப் பதிலே சொல்லாமல், தான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். உங்கள் அப்பாவின் காது உங்களுக்கு வந்திருக்கிறதா, உங்கள் கூடப் பிறந்தவர்களுக்கா?

வியாழக்கிழமை மதியம் வந்த பதில் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாராம், தெரியவில்லையாம். அக்காவுக்குப் போன் போட்டாராம். ஏழு மாதமாகப் பேசாதிருந்த அக்கா. காது கடைசித் தம்பிக்குத்தான் வந்திருக்கிறது, அப்பா யோசிக்கும்போது அதன் மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார் என்று அக்கா சொன்னாளாம். கூடவே ஒரு படம். தம்பியின் காது மட்டும், மிகப் பெரிதாக. அக்கா வீட்டில் ஒரு பெட்டி நிறையப் படம் இருக்கிறது, எல்லாமே பாழ். அவளும் நானும் பேசி முடிவு செய்ய வேண்டும். உங்கள் குரலையும் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பல் வேலை, பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன். வாய் மரத்துப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரருக்கு மத்தியான ஷிப்ட். பத்தரை மணிக்குக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர், மேஜையருகே அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். திரையில் அந்தத் தம்பியின் காது பாதி பொருத்தப்பட்டு நின்றது.

"பதினொரு மணிக்குத்தானே அவர் போன்?"

"இது முதலாளிக்கு."

"அவர் மத்தியானம் வரைக்கும் டைம் குடுத்தாரே. பெட்டி வருதா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசலாமில்ல?"

"பெட்டி வந்த பிறகு சொன்னா, அது பெட்டி சொன்ன பதிலுங்க. இப்ப சொன்னாத்தான் நான் சொன்ன பதில்."

நேரம் ஆகிறது என்று தெரிந்தும் அவர் தோளிலிருந்து பையை இறக்கி, சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அவள் எண்ணை அழுத்தினாள். பதினாலு வருடம் சோறு போட்ட மனிதரிடம் சொல்வதற்கு ஒரே ஒரு வரி தயார் செய்திருந்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க, நான் இங்கேயே இருந்துக்கிறேன்." உதடு அசையாமல் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். விரல் தானாகப் போய் மூக்கருகே மச்சத்தைத் தொட்டது.

மணி அடித்தது. முதலாளி ரயில் நிலைய வாசலில் யாரையோ நிமிர்ந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருப்பார். நாலாவது மணி. வீட்டுக்காரர் கண்ணாலேயே, எடுத்தாரா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். போனைக் கீழே வைக்கவில்லை. ஐந்து. ஆறு.